முந்திய பொறி

பாலையூற்றில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு எங்கள் வீட்டு ஜீப்பைத் தெரிந்திருக்கும். பச்சை என்று சிலர் சொல்வீர்கள், சாம்பல் என்று சிலர் சொல்வீர்கள். இரண்டும் சரி. அப்பா கையில் அகப்பட்ட பெயின்ற்றையெல்லாம் அதற்குப் பூசினார். வெள்ளைக்காரர் விட்டுப்போன சாமான்களோடு ஏலத்தில் வந்த ஜீப் அது. கதவு கிடையாது. மேலே கூரைக்குத் தார் மணக்கும் படங்குத் துணி. உங்களில் பலர் அதன் பின்பக்கம் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்திருக்கிறீர்கள். உங்களை இறக்கிவிட்டு ஹோர்னை அடித்துவிட்டுப் போனவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

போன மாதம் நிலாவெளியில் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூடியிருந்தபோது அந்த ஜீப்பின் கதை வந்தது. ஒருவர் சிரித்துக்கொண்டு, "உன்ர மாமன் ஹாண்டில் பிடிக்கத் தெரியாமல் கையை முறிச்சுக்கொண்ட ஜீப்தானே" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். கேக் வெட்டும் நேரத்தில் மறுத்துக் கதைக்க எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன். ஹாண்டில் பிடிக்க என் மாமாவுக்குத் தெரியும்.

அந்த ஜீப்போடு வந்த எஞ்சின் செத்துப்போன எஞ்சின். உடைத்துப்போட்ட ஒரு லொறியிலிருந்து பெரிய எஞ்சின் ஒன்றை அப்பா தேடிப்பிடித்தார். ஜீப்பின் முன்பக்கத்தை இரும்பறுக்கும் வாளால் அரிந்து, இரும்புப் பட்டம் வைத்து ஒட்டி, மாமாதான் அதைப் பூட்டினார். அளவுக்கு மிஞ்சிய எஞ்சின். அதற்குப் பக்கத்தில் ஸ்ராட்டர் பூட்ட இடம் இருக்கவில்லை. அதனால் திறப்பைத் திருப்பி அதை ஓடவைக்க ஏலாது. முன்னுக்கு நின்று, இரும்பு ஹாண்டிலைத் துளையில் செருகி, கையால் சுற்றவேண்டும்.

பெண்ணாய்ப் பிறந்தவள் இதையெல்லாம் எப்படி அறிந்தாள் என்று கேட்பீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. ஜீப்பின் முன்சில்லுக்கு மேலுள்ள மட்காட் தட்டையாக, ஆள் இருக்கத் தோதாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதில்தான் இருப்பேன். "முழங்கால் கறுத்த பெட்டையை ஆர் கட்டுவான்" என்று அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்று கத்துவாள். மாமா வேலை செய்துகொண்டே தனக்குத்தானே கதைப்பார். அது என் காதில் விழும். அவ்வளவுதான்.

டைமிங் என்பது சின்ன விசயம். எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவி அமுங்கும்போது ஒரு பொறி விழவேண்டும். நேரத்துக்கு விழுந்தால் வண்டி இழுக்கும். பிந்தி விழுந்தால் சோம்பும், சூடேறும். ஓடும்போது கொஞ்சம் முந்தி விழுந்தால் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம் கேட்கும். ஹாண்டில் சுற்றும் நேரத்தில் மிகவும் முந்தி விழுந்தால் எஞ்சின் முன்னுக்குப் போகாமல் பின்னுக்கு உதைக்கும். அந்த உதை முழுவதும் சுற்றுகிறவனின் கைக்கு வரும். முந்துவதும் பிந்துவதும் டிஸ்ரிபியூட்டர் என்ற சாமானின் கையில் இருந்தது. சிரட்டை அளவு கறுப்பு மூடி, அதிலிருந்து தடித்த வயர்கள். கழுத்துப் பூட்டைத் தளர்த்தி, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு நெல்மணி அகலம் திருப்பினால் எஞ்சினின் குணமே மாறிவிடும்.

அது பெற்றோல் தட்டுப்பாடான காலம். மாமா மண்ணெண்ணெய் கலந்து ஓடுவார். கலவை கூடினால் பொறியைப் பிந்தவைக்க வேண்டும், குறைந்தால் முந்தவைக்க வேண்டும். ஆகவே நாள் தவறாமல் அந்தக் கறுப்பு மூடியோடு அவருக்கு வேலை இருந்தது. திருப்பிவிட்டு உவர்மலை ஏற்றத்தில் ஒருதரம் ஏற்றிப் பார்ப்பார். தலையைச் சரித்துக் கேட்பார். "இப்ப கல்லுச் சத்தம் இல்லை" என்பார். பிறகு திரியாய்க்குப் போவார்.

திரியாய்தான் அந்த ஜீப்புக்குச் சோறு போட்டது. அங்கே கரைவலை போடும் சம்மாட்டியார் ஒருவருடைய மீனை, பழுதாகுமுன் பட்டினத்து ஐஸ் கொட்டிலுக்குக் கொண்டுவரவேண்டும். நிலாவெளி தாண்டினால் ரோட்டு ரோட்டாக இருக்காது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் தடத்தை மூடிவிடும். லொறி புதையும். மாமாவின் கையில் அந்த ஜீப் புதையவில்லை. அப்பா ஓட்டினால் புதைந்தது. இதை அப்பா ஒருபோதும் வாயால் சொன்னதில்லை.

அப்பா துறைமுகத்தில் சாமான் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். வெள்ளைச் சேட், நீளக்கை, மடிப்புக் குலையாத கைக்குட்டை. ஊரில் அவருக்கு நல்ல பெயர். தாய் தகப்பன் இல்லாத மாமா, அம்மா கலியாணம் கட்டி வந்தபோது அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அப்பா மாமாவைக் காட்டி, "எனக்குச் சீதனமா வந்தது இது ஒண்டுதான்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். அம்மா குசினிக்குள் போய்விடுவாள். மாமாவுக்குச் சம்பளம் என்று ஒன்று இருக்கவில்லை. சோறு இருந்தது, விறாந்தையில் பாய் இருந்தது.

அந்தக் கச்சான் காலத்தில் தேயிலை ஏற்ற ஒரு கப்பல் உள்துறைமுகத்தில் நின்றது. கப்பலின் இரண்டாம் எஞ்சினியர், தாடிக்கார வெள்ளையர், வடக்குக் கடற்கரையைப் பார்க்க ஆசைப்பட்டு அப்பாவிடம் ஜீப்பைக் கேட்டிருந்தார். மாமா கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஜீப் சோம்பியிருக்கிறது. மாமா இறங்கி, ஸ்பனரும் காதும் மட்டுமே கொண்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே திருப்பிச் சரிசெய்திருக்கிறார். வெள்ளையர் கிட்டவந்து நின்று பார்த்தாராம். திரும்பி வரும்போது அரைகுறை இங்கிலீசில் இருவரும் கதைத்தார்களாம். இரண்டு நாளில் கப்பல் ஏஜன்சியின் கிளாக்கர் ஒருவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலைக்கு ஆள் தேவை, மாமாவை வரச் சொல்லியிருக்கிறார்கள், சனிக்கிழமை கப்பல் வெளிக்கிடுகிறது, வெள்ளிக்கிழமை ஏறவேண்டும் என்றார்.

மாமா கதிரையில் இருந்தவர் எழும்பினார். மறுபடி இருந்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. கீழ்ப்பல் இரண்டு கோணல் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நல்லது தம்பி" என்றார் அப்பா. "போட்டு வா. எங்களுக்கும் பெருமைதானே."

அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் மாமாவுக்கு ஒரு புதுச் சேட் வாங்கிக்கொண்டு வந்தார். நீலக் கோடு போட்டது. அயலட்டையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா அதைப் பெட்டிக்குள் மடித்து வைத்து, சாம்பிராணி மணக்க மூடினாள்.

வியாழக்கிழமை காலை மாமா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். வாளி மோதும் சத்தம் கேட்டது. ஜீப் முற்றத்தில் எஞ்சின் மூடியான பொனற் திறந்தபடி நின்றது. நான் மட்காட்டில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தேன். அப்பா வேலைக்கு வெளிக்கிட்டு, வெள்ளைச் சேட்டோடு வந்தார். கையில் மாமாவின் சின்ன ஸ்பனர். அப்பா ஸ்பனர் பிடித்து நான் பார்த்ததில்லை.

"மாமா போனாப் பிறகு ஆர் இதைப் பாக்கிறது?" என்று என்னிடம் சொன்னார். "நானும் பழகவேணும்."

குனிந்து பூட்டைத் தளர்த்தினார். கறுப்பு மூடியைப் பிடித்துத் திருப்பினார். மாமா திருப்புவது நெல்மணி அகலம். அப்பா திருப்பியது பெருவிரல் அகலம். இறுக்கினார். கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நான் பாணைத் தின்றேன். அவர் பழகுகிறார் என்றுதான் நினைத்தேன்.

மாமா ஈரத் தலையோடு வந்தார்.

"தம்பி, ஒருக்கா ஸ்ராட் பண்ணு. துறைமுகத்தில இறக்கிவிடு. நாளையில இருந்து நான் பஸ்ஸிலதானே."

மாமா ஹாண்டிலைச் செருகினார். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடித்தார். அவர் எப்போதும் அப்படித்தான் பிடிப்பார். உதைத்தால் கை தானாகத் திறந்து கழன்றுவிடும், பெருவிரலைச் சுற்றிப் பிடித்தவனுக்குத்தான் ஆபத்து. கீழிருந்து மேலே இழுத்தார். வெடி ஒன்று கேட்டது. ஹாண்டில் அவருடைய விரல்களை உதறிவிட்டுப் பின்னால் சுழன்று வந்து முன்கையில் அடித்தது. பச்சை மரக்கொப்பை முறித்தால் வரும் சத்தம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோலக் கேட்டது. மாமா மண்ணில் இருந்துகொண்டு தன் கையையே பார்த்தார். மணிக்கட்டுக்குமேல் கை வேறு திசைக்குத் திரும்பியிருந்தது. அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

அப்பா முதலில் ஓடியது மாமாவிடம் அல்ல. பொனற்றுக்குள் குனிந்தார். பூட்டைத் தளர்த்தி, கறுப்பு மூடியைப் பழைய இடத்துக்குத் திருப்பி, இறுக்கினார். ஸ்பனரைச் சேட் பைக்குள் போட்டார். அதன் பிறகுதான், "ஐயோ தம்பி" என்று கொண்டு மாமாவிடம் போனார்.

மாமாவை உள்ளே தூக்கிக் கிடத்திவிட்டு, அப்பா கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் மெக்கானிக் ஒருவரை, நாங்கள் நானா என்பவரை, கூப்பிட்டனுப்பினார். அயலவர்கள் முற்றம் நிறைய நின்றார்கள். உங்கள் தாய் தகப்பன்மாரும் நின்றார்கள். நானா சின்ன பல்ப் ஒன்றை வயரில் கொழுவி, எஞ்சினை மெல்லச் சுற்றி, பொறி எங்கே விழுகிறது என்று பார்த்தார். நேர்மையான மனிதர், பார்த்ததைத்தான் சொன்னார்.

"டைமிங் அச்சொட்டா நிக்கிது முதலாளி. மெசின்ல பிழையில்ல. பொடியன் பெருவிரலைச் சுத்திப் பிடிச்சிருப்பான்."

"நானும் எத்தினை தரம் சொன்னனான்" என்றார் அப்பா.

நான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "அப்பா அதைத் திருப்பினவர். மாமா விழுந்தாப் பிறகும் திருப்பினவர்."

நானா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்துக் கவலையோடு சிரித்தார். அம்மா வந்தாள். புறங்கையால் என் வாயில் அடித்தாள். அவளுடைய மோதிரம் பட்டு உதடு கிழிந்தது.

"பொய் சொல்லுற வாய்" என்றாள். "பயத்தில உளறுது. குறைநினைக்காதேங்கோ."

உதட்டில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. விழுந்ததில் வந்தது என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அம்மா என்னை நம்பாமல் அடித்தாள் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் யோசித்தேன். நம்பாத ஒருத்தி அவ்வளவு விரைவாக வந்து அடிக்கமாட்டாள்.

மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. "அங்க கையைக் கழட்டிப் போடுவாங்கள்" என்று அப்பா தம்பலகாமத்திலிருந்து முறிவு வைத்தியரைக் கொண்டுவந்தார். அந்தக் கிழவர் தடவிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு இடத்தில, ஐயா. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேணும்" என்று தெளிவாகச் சொன்னார். அப்பா அவரை வெளியே கூட்டிக்கொண்டுபோய்க் கதைத்தார். திரும்பி வந்த வைத்தியர் முட்டை வெள்ளையும் உழுத்தம்மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அந்த மணம் அந்த வருடம் முழுதும் விறாந்தையில் இருந்தது.

அதன் பிறகு அப்பா மாமாவைப் பார்த்துக்கொண்ட விதத்தை ஊர் இன்றைக்கும் புகழும். தன் கையால் சோறு குழைத்து ஊட்டினார். மீனில் முள் எடுத்து ஊட்டினார். கச்சான் காற்றில் தூசி வரும் என்று படங்கைக் கழற்றி விறாந்தைக்குக் கட்டினார். சனிக்கிழமை பகல் அவர் ஊட்டிக்கொண்டிருக்கும்போதுதான் துறைமுகப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் கேட்டது. நீளமாக ஒன்று. மாமாவின் வாய் அசையாமல் நின்றது.

"வாயைத் திற தம்பி" என்றார் அப்பா. "ஆறமுதல் சாப்பிடவேணும்."

மாமா வாயைத் திறந்தார்.

சில நாள் கழித்து, வீட்டில் ஒருவரும் இல்லாத ஒரு பின்னேரம், மாமா என்னைக் கூப்பிட்டார். கிழிந்த உதட்டைப் பார்த்தார். சுவருக்கு அப்பால் படுத்திருந்தவர், அன்று நான் சொன்னதைக் கேட்டிருந்தார்.

"எவ்வளவு திருப்பினவர்?"

நான் பெருவிரலைக் காட்டினேன்.

"எந்தப் பக்கம்?"

கையால் திருப்பிக் காட்டினேன்.

"ஓம்" என்றார். "ஆருக்கும் இனிச் சொல்லாத பிள்ளை." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கட்டவிழ்த்தபோது கை வளைந்து பொருந்தியிருந்தது. கோப்பையைப் பிடித்தால் தேத்தண்ணி ஒரு பக்கம் வழியும். விரல்கள் பாதி மூடும், மீதி மூடாது. அப்பா திரியாய் ஓட்டத்துக்குக் கூலிக்கு ஒரு றைவர் பிடித்திருந்தார். அவன் மணலில் புதைந்து, மீன் அழுகி, சம்மாட்டியாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, சொல்லாமல் ஓடிவிட்டான். எஞ்சினும் சூடேறி வால்வு எரிந்து நின்றது. அப்போதுதான் அப்பா மாமாவை மறுபடி முற்றத்துக்குக் கூட்டிவந்தார்.

"கை ஏலாட்டி என்ன தம்பி, காது இருக்குத்தானே. உன்னை நான் விடமாட்டன்."

மாமா, "ஓம் அத்தான்" என்றார்.

நானா வந்து வால்வு வேலை முடித்துக் கொடுத்தார். எஞ்சினைத் திருப்பிப் பூட்டிய காலையில் திரியாய்ச் சம்மாட்டியாரும் வந்திருந்தார். ஜீப் ஒழுங்காக ஓடினால் மீனைத் தருவது, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பது என்று முடிவெடுக்க வந்தவர். முருங்கை மரத்தடியில் அவருக்குக் கதிரை போட்டிருந்தது. காற்று அவருடைய சால்வையை இழுத்துக்கொண்டிருந்தது. டைமிங்கை மாமா இடக்கையால் வைத்தார். நேரமெடுத்தார். நான் என் வழமையான இடத்தில், மட்காட்டில் இருந்தேன்.

"சரி" என்றார் மாமா. "சுத்துங்கோ அத்தான்."

றைவர் இல்லை. மாமாவால் ஏலாது. அப்பாதான் சுற்றவேண்டும். அவர் நீளக்கையை மடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். ஹாண்டிலைச் செருகினார். பிடித்தார். குனிந்தபடி நின்று, பொனற்றுக்கு மேலால் மாமாவைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். ஸ்பனர் மாமாவின் இடக்கையில் இருந்தது. பூட்டு இன்னும் இறுக்கியிருக்கவில்லை.

அப்பா ஹாண்டிலை விட்டார்.

"நானா, நீர் ஒருக்கா வாரும்."

"எனக்கு முதுகு ஏலாது முதலாளி. ஒரு இழுவைதானே, நீங்களே இழுங்க."

"பயமோ அத்தான்?" என்றார் மாமா. குரல் உயரவில்லை. "பெருவிரலைச் சேத்துப் பிடிச்சா ஒண்டும் வராது எண்டு நீங்கள்தானே ஊருக்கெல்லாம் சொன்னனீங்கள்."

சம்மாட்டியார் கதிரையில் நிமிர்ந்தார். அப்பாவின் கழுத்து சிவந்தது. அவர் அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இஞ்ச வா பிள்ளை" என்றார். "நீ சுத்து."

நான் வயதுக்கு மிஞ்சி வளர்ந்தவள். கிணற்றில் தண்ணீர் அள்ளி அள்ளிக் கை உரம். அந்த ஹாண்டிலை விளையாட்டாகச் சுற்றி ஓடவைத்தும் இருக்கிறேன். அப்பாவுக்கு அது தெரியும். இறங்கிப் போனேன். இரும்பு வெயிலில் சுட்டது. பெருவிரலைச் சேர்த்துப் பிடித்தேன்.

அம்மா குசினி வாசலில் நின்றாள். "இஞ்சாருங்கோ" என்றாள், ஒரே ஒரு தரம்.

"நீ உள்ள போ" என்றார் அப்பா.

அவள் உள்ளே போகவில்லை. வெளியே வரவும் இல்லை.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழிருந்து இழுக்கத் தொடங்கினேன். எஞ்சினின் பாரம் கைக்கு வந்தது. இன்னும் சற்று இழுத்தால் தாண்டிவிடும் என்ற இடம்.

"விடு பிள்ளை" என்றார் மாமா.

விட்டேன். அவர் இடக்கையால் கறுப்பு மூடியைத் திருப்பினார். பெருவிரல் அகலம். அன்று மாமா விழுந்த பிறகு அப்பா திருப்பிய அதே பக்கம்.

அப்பா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கண்டீங்களோ? எல்லாரும் கண்டீங்களோ? என்ர கையை முறிக்க வைச்சுக்கொண்டு நிண்டவன். சோறு ஊட்டின கையை."

மாமா திருப்பிய அளவை நானா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு முந்தவைச்சா கை என்ன, தோள்மூட்டே கழண்டிரும்" என்று முணுமுணுத்தார். சம்மாட்டியார் எழும்பி நின்று துப்பினார். "சொந்தத்துக்குள்ள இப்பிடியும் செய்வானோ ஒருத்தன்."

ஹாண்டிலைத் தொட்டவுடன் விட்ட மனிதருக்கு, பொறி முந்தியிருக்கிறது என்று எப்படித் தெரிந்தது என ஒருவரும் கேட்கவில்லை. நானா மட்டும் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கை சுத்தமான பிறகும் துடைத்தார். அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கூப்பிட்டனுப்பினால், சுகமில்லை என்று சொல்லியனுப்புவார்.

மாமா தன் பக்கத்துக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? அவருடைய பக்கத்தைச் சொன்ன வாயை ஏற்கெனவே கிழித்தாகிவிட்டது. பிற்பகல் பெட்டியை இடக்கையில் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கிண்ணியாத் துறைவரை நடந்துபோய் அக்கரைக்குப் போனதாக யாரோ சொன்னார்கள். நீலக் கோட்டுச் சேட்டை மட்டும் மடிப்புக் குலையாமல் பாயின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். கொஞ்ச நாளில் அப்பா அதைப் போடத் தொடங்கினார். அவருக்கு அளவாகவே இருந்தது.

ஜீப் அதற்குப் பிறகு நன்றாக ஓடியதில்லை. சம்மாட்டியார் வேறு ஆளைப் பிடித்தார். பிறகு வந்த சண்டைக் காலத்துக் கெட்ட வருடங்களில் நாங்கள் வீட்டைவிட்டு ஓடி, திரும்பி வந்தபோது முற்றத்தில் அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைகூட இருக்கவில்லை.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், மூதூருக்கு லோஞ் படகில் போய்வருவேன். ஒருநாள் இறங்குதுறையில் மாமாவைக் கண்டேன். முடி நரைத்திருந்தது. அந்தப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் எஞ்சின் பார்ப்பதாகச் சொன்னார். கலியாணம் கட்டவில்லை. வலக்கையைச் சாரத்தின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு கதைத்தார். அம்மாவைப் பற்றிக் கேட்டார். நான் அவரிடம் நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். அன்று விடு என்று சொன்னதற்கு.

"அப்பிடிச் சொல்லாத பிள்ளை" என்றார். "நீ ஹாண்டிலைப் பிடிச்ச உடனேயே நான் திருப்பியிருக்க வேணும். திருப்பேல்லை. அந்தாள் வந்து உன்ர கையைத் தட்டிவிடும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். தகப்பன்தானே எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"பிறகு, அந்தாள் வராது எண்டு விளங்கிச்சுது."

லோஞ் வெளிக்கிடப் போவதாகக் கத்தினார்கள். நான் ஏறிவிட்டேன். அடுத்த முறை போனபோது ஆலை பூட்டிக் கிடந்தது. அவர் எங்கே போனார் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அம்மா முந்திப் போய்ச் சேர்ந்தாள். அப்பா தொண்ணூறை எட்டும்வரை இருந்தார். கடைசி இரண்டு வருடமும் என் வீட்டில்தான். நினைவு நல்ல தெளிவு. ஒருநாள் பின்னேரம் அவரைக் கட்டிலில் சாய்த்து வைத்துச் சீப்பால் தலை இழுத்துவிடும்போது கேட்டேன். அதற்கு முன் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

"அண்டைக்கு மாமா திருப்பாமல் விட்டிருந்தா, அப்பா?"

எதைக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. எந்த மாமா, என்றைக்கு என்றும் கேட்கவில்லை. யன்னலைப் பார்த்து யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"கைதானே" என்றார். "சின்ன வயசில சுறுக்காப் பொருந்தும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கால் உளைகிறது, பிடித்துவிடு என்றார். நான் கால்மாட்டுக்குப் போய் இருந்து, அவர் நித்திரையாகும்வரை பிடித்துவிட்டேன்.